ரேடியேட்டர் மூடி

இல்ல இல்ல, நீங்க வெளிய வராதீங்க மாப்ள. வேலையப் பாருங்க. நான் என்ன விருந்தாளியா? இந்தப் பழைய டயர் மேல உக்காந்துக்கறேன். நீங்க வண்டிக்கு அடியிலயே படுத்திருங்க, காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தாப் போதும். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றதவிட, வெளிய நீட்டிட்டிருக்கற இந்த ரெண்டு செருப்பப் பாத்துச் சொல்றது எனக்கும் சௌகரியம்தான்.

பாப்பா மேல இருக்காளா? இருக்கா, தெரியும். நான் வாசல் கேட்டத் திறக்கறப்பவே மாடி ஜன்னல் படார்னு சாத்தின சத்தம் கேட்டுச்சு. பெத்த அப்பனப் பாத்து ஜன்னலச் சாத்தறா. சாத்தட்டும். நாலு மாசமா என் ஃபோன எடுக்காதவ ஜன்னல மட்டும் திறந்தா வெச்சிருக்கப் போறா? உங்க அத்தைகூட மட்டும் தினம் பேசறா. நான் அந்தப் பக்கமாப் போனா உடனே, சரிம்மா வெச்சுடறேன்னு வெச்சுடறா. என் செருப்புச் சத்தம் அவளுக்கு ஃபோன்ல கேட்டுடுது பாருங்க.

உங்க அத்தை டீ போட்டு ஃபிளாஸ்க்ல குடுத்தனுப்பினா. இந்த ஸ்பேனர் பெட்டி பக்கத்துல வெச்சிருக்கேன். அப்புறமாக் குடிங்க.

வந்த விஷயமா? வேற என்ன, அந்தப் பாழாப்போன வண்டிதான். இன்னும் முடியல மாப்ள. கம்பெனி சர்வீஸ் சென்டர் வாசல்லயே தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கான். பதினாலு மாசம்கூட ஆகாத வண்டி. மூணு வருஷம் வாரண்டி. வாங்கறப்ப ஷோரூம்ல இருந்த பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? சார், மூணு வருஷத்துக்கு நீங்க பெட்ரோல் போட்டா மட்டும் போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்னுச்சு. இப்ப அந்தப் பொண்ணையும் காணோம், அந்தப் பேச்சையும் காணோம்.

முப்பத்தாறு வருஷம் தண்ணி சப்ளை ஆபீஸ் ஸ்டோர்ல குப்பை கொட்டிட்டு, ரிட்டயர் ஆனப்ப வந்ததுல வாங்கினது. எனக்கா கார் ஆசை? உங்க அத்தைக்கு முட்டி போச்சு, பஸ்ல ஏற முடியல, அவளுக்காக வாங்கினேன். வாங்கி அவள முழுசா பத்து தடவ உக்கார வெச்சிருப்பேன். பதினோராவது தடவ நடுரோட்ல நின்னுச்சு.

உங்களுக்கு அது முழுசாத் தெரியாது. நீங்கதான் எதையும் கேக்க மாட்டீங்களே. பைபாஸ்ல போய்ட்டிருக்கோம், திடீர்னு சூடு காட்டற முள்ளு மேல ஏறுது. என்னடான்னு பாக்கறதுக்குள்ள போனட்லேர்ந்து குபுகுபுன்னு ஆவி. உங்க அத்தை வண்டி பத்திக்கிச்சுன்னு கத்தறா. முட்டி வலின்னு வீட்ல மூணு படி இறங்க அரை மணி நேரம் எடுப்பா, அன்னைக்கு கைப்பைய எடுத்துக்கிட்டு ஒத்தச் செருப்போட குதிச்சு ஓடினா பாருங்க, எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் சிரிப்பு வரல. இன்ஜின் ஒரு முனகல் முனகிட்டு நின்னுடுச்சு. சாவியத் திருகினா டக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி.

கட்டி இழுத்துட்டுப் போனாங்க. மூணு நாள் கழிச்சு வாங்கன்னாங்க. போனேன். ஏசி ரூம், கண்ணாடி மேஜை, சத்தம் இல்லாத டிவி. சட்டையில ஒரு பொட்டு கிரீஸ் இல்லாத ஒருத்தன் வந்து, நான்தான் சீனியர் என்ஜினியர்ங்கறான். கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அதுக்குள்ள ரேடியேட்டர் மூடி. மேல நம்பர் ஒட்டி, தேதி போட்டு வெச்சிருக்கான். சார், இது எங்க கம்பெனி மூடி இல்ல, டூப்ளிகேட்டுங்கறான். ஒரிஜினல்ல எங்க முத்திரை இருக்கும், இதுல மொட்டையா இருக்கு, ஸ்பிரிங்க அமுக்கிப் பாருங்க தொளதொளன்னு இருக்கு, இது அழுத்தத்தப் பிடிச்சு நிறுத்தாது, தண்ணி கொஞ்சங் கொஞ்சமா ஆவியாப் போயிருக்கு, சூடு ஏறி இன்ஜினோட மேல்பாகம், ஹெட்டு, வளைஞ்சுடுச்சு, அதனால வாரண்டி கிடையாது. அவ்ளோதான். பாடம் ஒப்பிச்ச மாதிரி சொல்லிட்டு உக்காந்துட்டான்.

ஒரு மூடி மாப்ள! உள்ளங்கைய மூடினா காணாமப் போயிடும். அதுக்கு ஒரு முழு இன்ஜின இல்லைங்கறான். அதோட விட்டானா? வண்டியில கம்பெனி பொருள் இல்லாதது என்னென்னன்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கான். வைப்பர் ரப்பர் வெளிய வாங்கினது. ஹாரன் வெளிய வாங்கினது. கால்மிதி வெளிய வாங்கினது. ஏன்யா, கால்மிதிக்கும் இன்ஜினுக்கும் என்னய்யா சம்பந்தம், என் கால் சூட்டுலயா ஹெட்டு வளைஞ்சுதுன்னு கேட்டேன். ரூல்ஸ் சார்ங்கறான். எனக்கே ரூல்ஸ் சொல்றான்! முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் ரூல்ஸ் சொன்ன வாய் இது.

சிரிக்கறீங்களா? செருப்பு ஆடுச்சே. சரி, சிரிங்க.

நான் விடல. ஃபைல எடுத்து மேஜை மேல போட்டேன். என் ஃபைல்தான் உங்களுக்குத் தெரியுமே, பாப்பா சின்ன வயசுலேர்ந்து கிண்டல் பண்ணுவாளே. வண்டி வாங்கின நாள்லேர்ந்து ஒரு சீட்டு விடாம ஒட்டி, செவப்பு மையில பக்க நம்பர் போட்டு வெச்சிருக்கேன். காத்து அடிச்சவன்கிட்டகூட சீட்டு வாங்கிருக்கேன். அவன் என்ன பைத்தியக்காரனப் பாக்கற மாதிரி பாத்தான். எல்லா சர்வீஸும் உங்க கம்பெனியிலதான் விட்டேன், பாரு, தேதி பாருன்னேன். அவன் பொறுமையா ஒவ்வொண்ணாத் திருப்பறான். திருப்பிட்டு, சார், பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வருதேங்கறான். அதுவா இப்ப முக்கியம்? வயசாச்சுப்பா, நம்பர் போடறப்ப ஒண்ணத் தாண்டிருப்பேன்னேன். தலைய ஆட்டிட்டு மறுபடி திருப்பிப் பாக்கறான். எனக்கு வந்த ஆத்திரத்துல ஃபைலப் புடுங்கிப் பையில வெச்சுக்கிட்டேன்.

அப்பதான் உள்ளேர்ந்து மேனேஜர் வந்தாரு. நல்லாப் பேசற ஆளு. தோள்ல கை போட்டு, காபி குடுத்து, சார், நீங்க பெரிய மனுஷன், நீங்க மாத்திருக்க மாட்டீங்க, எங்களுக்குத் தெரியும், வேற யாராவது போனட்டத் திறந்தாங்களான்னு கேட்டாரு. என் வாய் சும்மா இருந்துச்சா? எங்க மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காரு, ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்ப திறந்து பாத்தாருன்னேன். உடனே ஒரு வெள்ளைத் தாள நகத்தினாரு. அத அப்படியே எழுதிக் குடுங்க சார், மேலிடத்துல சொல்லி முடிச்சுத் தர்றேன்னாரு.

எழுதினேன். ஆமா, எழுதினேன். ஆனா ஒண்ணு சொல்றேன் மாப்ள, அந்தத் தாள நீங்க பாத்திருப்பீங்க. அதுல நீங்கதான் மூடிய மாத்தினீங்கன்னு எங்கயும் கிடையாது. இந்தத் தேதி, மதியம், என் வீட்டு வாசல்ல, என் மருமகன் போனட்டத் திறந்து பார்வையிட்டார்னு இருக்கும். அவர் இன்ன தெருவில் ஒர்க்‌ஷாப் நடத்துபவர்னு இருக்கும். ஒரு வார்த்தை பொய் கிடையாது அதுல. ஆபீஸ்ல மெமோ எழுதி எழுதிப் பழகின கை, பொய் எழுதாது.

படிக்கறவன் என்ன நெனப்பான்னா கேக்கறீங்க? கேக்கலையா? சரி, நீங்க கேக்கல. பாப்பா கேட்டா.

அதுல கொடுமை என்னன்னா, நான் எழுதிக் குடுத்த அந்தத் தாளையே வெச்சு என்னைக் கவுத்துட்டாங்க. வெளி ஒர்க்‌ஷாப் ஆள் போனட்டத் திறந்தத உரிமையாளரே ஒத்துக்கிட்டாரு, அதனால வாரண்டி ரத்துன்னு கடுதாசி வருது! சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்லுவாங்களே, அத நான் சொந்தக் கையெழுத்துல வெச்சுக்கிட்டேன். அந்த மேனேஜர் தோள்ல கை போட்டது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

எனக்கு வந்தது கடுதாசின்னா, உங்களுக்கு வந்தது நோட்டீஸ். அது எனக்குத் தெரியாது மாப்ள, சத்தியமா. உங்களுக்கும் அனுப்புவாங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கல. தரமில்லாத பொருளப் போட்டு எங்க வண்டியக் கெடுத்ததாப் புகார் வந்திருக்குன்னு. கூட என் கையெழுத்துல நகல். தபால எல்லாம் பாப்பாதானே பிரிப்பா இங்க. அவதான் மொதல்ல பாத்திருக்கா. என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒண்ணாங்கிளாஸ்ல நான் கையப் பிடிச்சு எழுத வெச்சவ.

அந்த டாக்ஸிக்காரன் விஷயமும் கேள்விப்பட்டேன். அஞ்சு வண்டி உங்ககிட்ட விட்டுட்டிருந்தான், ரெண்ட எடுத்துட்டான்னு. அத்தை சொன்னா. மூணு இன்னும் வருதுல்ல? இப்ப நீங்க அடியில படுத்திருக்கறது அதுல ஒண்ணுதானே? ம். தனி ஆளா எல்லாம் பாக்கறீங்க. ஷெட்டக்கூட நல்லா கூட்டி வெச்சிருக்கீங்க. ஸ்பேனரெல்லாம் வரிசையா, சுவத்துல கோடு போட்டு மாட்டிருக்கு. எது இல்லன்னாலும் பாத்த உடனே தெரிஞ்சுடும். என் ஸ்டோர்ல நான் இப்படித்தான் வெச்சிருந்தேன். இத்தனை வருஷத்துல இத நான் கவனிச்சதே இல்ல பாருங்க. இங்க வந்தா வாசல்லயே நின்னு பாப்பாவக் கூப்பிட்டுப் பேசிட்டுப் போயிடுவேன்.

நோட்டீஸ் வந்த அன்னைக்குத்தான் அவ வீட்டுக்கு வந்தா. உள்ள வரல. வாசப்படியிலயே நின்னா. கத்துவான்னு நெனச்சேன். அவளுக்கு என் கோவம், கத்தினாத் தெருவே கேக்கும். கத்தல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அப்பா, அவரு மாத்தினத நீங்க உங்க கண்ணால பாத்தீங்களான்னு. வேற யாரு மாத்திருப்பாங்கன்னேன். நான் அதக் கேக்கல, கண்ணால பாத்தீங்களான்னு கேட்டேன்னா. நான் பேப்பரப் பிரிச்சு வெச்சுக்கிட்டேன். அவ்ளோதான், திரும்பிப் போய்ட்டா. நீங்க கேட்டுக்கு வெளிய பைக்க ஸ்டாண்ட் போடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. தரையப் பாத்துக்கிட்டு.

ஏன் மாப்ள, அன்னைக்கு ஒரு வார்த்தை பேசிருக்கலாம்ல? அதான் எனக்கு மனசு ஆறல. கல்யாணம் ஆகி ஆறு வருஷத்துல நீங்க எங்கிட்டப் பேசின வார்த்தைய ஒரு பக்கத்துல எழுதிடலாம். சரி மாமா, வர்றேன் மாமா, சாப்ட்டேன் மாமா. ஒரு மனுஷன் மேல பழி விழுதுன்னா அவன் வாயத் திறக்க வேணாமா? எதுத்து நாலு கேள்வி கேக்க வேணாமா? நானா இருந்தா அந்த வாசல்லயே ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். நீங்க என்னடான்னா பைக்கத் திருப்பிட்டு, அவள ஏத்திக்கிட்டுப் போறீங்க.

சரி. இப்ப எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். சுத்தி வளைச்சது போதும்.

நான் மேலிடத்துக்கு எழுதிட்டே இருந்தேன்ல, நேத்து ஒரு பதில் வந்திருக்கு. இதோ, சட்டைப் பையிலதான் இருக்கு. மூடிய மாத்தின ஆளே முன்வந்து எழுதிக் குடுத்தா, உரிமையாளர் மேல தப்பில்லைன்னு எடுத்துக்கிட்டு இன்ஜின மாத்தித் தர்றாங்களாம். அவங்களே வாசகம் அடிச்சு அனுப்பிருக்காங்க. ஒரே வரி. படிக்கறேன் கேளுங்க. மேற்படி வாகனத்தின் ரேடியேட்டர் மூடியை, உரிமையாளருக்குத் தெரியாமல், தரமற்ற மாற்று மூடியாக மாற்றியது நான்தான் என ஒப்புக்கொள்கிறேன். கீழ கையெழுத்து, ஒர்க்‌ஷாப் முத்திரை. நாளைக்குப் பத்து மணிக்குள்ள குடுக்கணும். அதுக்கப்புறம் பேச்சே கிடையாதாம்.

போட்டா என்னாகும்னா... எனக்கு புது இன்ஜின் வந்துடும். அத்தை மறுபடி வண்டியில ஏறுவா. உங்களுக்கு... அத மறைக்க மாட்டேன் மாப்ள, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான், பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். ஒர்க்‌ஷாப் பேரு அவங்க லிஸ்ட்டுல ஏறிடும். அவங்க வண்டிய வெச்சிருக்கற எந்த டாக்ஸிக்காரனும் இங்க விடக் கூடாது. விட்டா அவனுக்கும் வாரண்டி போயிடும். அதாவது இந்த மூணு வண்டியும் போயிடும். அப்புறம் இந்த ஷெட்டுல என்ன இருக்கும், இந்த டயரும் நானும்தான்.

போடுங்கன்னு நான் சொல்லல. அத்தைகிட்ட இந்தக் கடுதாசியக் காட்டினேன். அவ படிச்சுட்டு, இத எடுத்துட்டு அந்தப் பக்கம் போனீங்கன்னா திரும்பி இந்த வீட்டுக்கு வராதீங்கன்னா. டீ குடுத்தனுப்பினதுகூட உங்களுக்குத்தான், நான் சும்மா பாத்துட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். போடுங்கன்னு சொல்லல. இப்படி ஒண்ணு வந்திருக்குன்னு தெரியப்படுத்தறேன். ஒரு தகவல். அவ்வளவுதான்.

திட்டுங்க. ஸ்பேனர ஏன் கீழ வெச்சுட்டீங்க? யோவ் கிழவா, எந்திரிச்சு வெளிய போன்னு சொல்லுங்க. நான் போயிடறேன். சத்தியமாச் சொல்றேன், நீங்க திட்டினா நான் நிம்மதியா எந்திரிச்சுப் போயிடுவேன்.

வெளிய வர வேணாம்னேனே. என்ன? கைய நல்லா துடைச்சுக்கங்க, கிரீஸ்... எதக் கேக்கறீங்க? பேனாவா? பேனா எதுக்கு?

பாருங்க மாப்ள, வெளையாடாதீங்க. நான் படிச்சது காதுல விழுந்துச்சா இல்லையா? பொடி எழுத்து? அதையும் கேட்டீங்க. கேட்டுட்டும் எங்க போடணும்னு கேக்கறீங்களா?

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க. அத்தையால பஸ்ல ஏற முடியாதா? அது எனக்குத் தெரியாதா? அதுக்கு நீங்க... டாக்ஸி போனா ஸ்கூட்டர் வருமா? ஸ்கூட்டர் பாத்துப் பொழைச்சுக்கறீங்களா? ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் இவ்ளோ பேசறீங்க, பேசறது இதுவா?

வைங்க. அந்தப் பேனாவ மொதல்ல மூடிக் கீழ வைங்க. என் சட்டைப் பையிலேர்ந்து நீங்களா எடுத்தது, அது என் பேனா. வைங்கன்னா!

உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, மூச்சு வாங்குது, அவ்ளோதான். தண்ணியெல்லாம் வேணாம்.

அந்த மூடிக்கு எங்கிட்ட பில்லு இருக்கு மாப்ள.

இந்தப் பாக்கெட்டுல இருக்கு. அந்தப் பாக்கெட்டுல கடுதாசி, இந்தப் பாக்கெட்டுல பில்லு. ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன். எத எடுப்பேன்னு இந்த கேட்டத் திறக்கற வரைக்கும் எனக்கே தெரியல. இந்தாங்க, பாருங்க. செவப்பு மையில ஓரமா போட்டிருக்கேன்ல? பதினேழு. அந்த என்ஜினியர் சரியாத்தான் கேட்டான். நம்பரெல்லாம் நான் தாண்டல, நான் தாண்டவே மாட்டேன். பக்கத்தக் கழட்டி அலமாரியில வேட்டிக்கு அடியில வெச்சுட்டேன். கிழிச்சுப் போட்டுடலாம்னு எத்தனை தடவ எடுத்திருப்பேன். பில்லக் கிழிக்கக் கை வரல. என்ன செய்யச் சொல்றீங்க, முப்பத்தாறு வருஷம் அதத்தான் பாத்துட்டிருந்தேன்.

வண்டியோட குடுத்த புஸ்தகத்துல, காலையில இன்ஜின் ஆறியிருக்கறப்ப தண்ணி இருக்கான்னு பாக்கணும்னு போட்டிருக்கான். எவன் அதெல்லாம் பாக்கறான்? நான் பாப்பேன். தினம். அன்னைக்கு மூடியக் கழட்டி பேட்டரி மேல வெச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவரு குழாய் கசியுதுன்னு ஆரம்பிச்சாரு. ரிட்டயர் ஆனாலும் குழாய்னா நான்தானே. பேசிட்டே போனட்டச் சாத்திட்டுக் கிளம்பிட்டேன். மார்க்கெட்ல போய்த் திறந்தா மூடி இல்ல. வந்த வழியெல்லாம் நடந்து மூணு தடவ தேடினேன். சாக்கடை ஓரமா குச்சி வெச்சுக் கிளறிப் பாத்தேன். ஒரு வாஷர் குறைஞ்சா ஆளக் கூப்பிட்டு மெமோ குடுத்தவன் நான். ரப்பர் வளையம் ஒண்ணு தொலைச்சதுக்கு ஒருத்தன ரெண்டு நாள் வேலைக்கு வராதேன்னு அனுப்பிருக்கேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சர்வீஸ் சென்டர்ல போய் மூடியத் தொலைச்சுட்டேன்னு சொல்லுவேன்? பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு கடை, அங்க வாங்கி மாட்டிட்டேன். பில்லு கேட்டேன். கடைக்காரன் சிரிச்சுட்டு, அரைத் தாள்ல மூடி ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தான். அதான் இது.

இதுல உங்களுக்குத் தெரியாதது பில்லு மட்டும்தான். அந்த ஞாயித்துக்கிழமை பாத்த உடனேயே கண்டுபிடிச்சுட்டீங்களே. யாருக்கும் கேக்காம மெதுவாச் சொன்னீங்க, மாமா இது கம்பெனி மூடி இல்ல, ஸ்பிரிங் சரியில்ல, நான் ஒரிஜினல் வாங்கிட்டு வர்றேன்னு. நான் என்ன சொன்னேன்? ரோட்டோரம் ரிப்பேர் பாக்கறவங்களுக்கு இந்த மாதிரி வண்டியப் பத்தி என்ன தெரியும், கம்பெனிக்காரன் போட்டதுதான், சாத்துங்கன்னேன். சரி மாமான்னு சாத்திட்டீங்க. பைபாஸ்ல ஆவி வந்தப்ப உங்க அத்தை தீ தீன்னு கத்திட்டிருக்கா, எனக்கு உங்க குரல்தான் கேட்டுச்சு. ஸ்பிரிங் சரியில்ல மாமான்னு.

வாசல்ல பாப்பா அந்தக் கேள்வியக் கேட்டப்ப, பேப்பருக்குப் பின்னாடிலேர்ந்து உங்களத்தான் பாத்துட்டிருந்தேன். இப்பச் சொல்லிடுவாரு, இப்பச் சொல்லிடுவாருன்னு. நீங்க சொல்லிருந்தா ஒரு நாள் மானம் போயிருக்கும், மறுநாள் சரியாயிருக்கும். நீங்க வாயத் திறக்காம என்னைத் தப்பிக்க விட்டுட்டீங்க மாப்ள. நாலு மாசம் அதத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்குத்தான் உங்க மேல எனக்குக் கோவம். வேற எதுக்கும் இல்ல.

போவட்டும், பாப்பாகிட்டயாவது சொல்லிருப்பீங்கல்ல? ராத்திரி படுக்கறப்பவாவது? என்னது, சொல்லலையா? நீங்க மாத்தலன்னாவது சொன்னீங்களா? அதுவும் இல்லையா? அவ கேக்கவே இல்லையா உங்கள? அப்ப எதத் தெரிஞ்சுக்கிட்டு அவ நாலு மாசமா...

சரி. சரி, விடுங்க. கண்ண ஏதோ உறுத்துது, உங்க பெட்ரோல் வாடை.

வண்டிய நாளைக்கு இங்க இழுத்துட்டு வரச் சொல்லிடறேன். நீங்களே பிரிச்சுப் பாருங்க. கம்பெனி பார்ட்டு போடுவீங்களோ வெளிப் பார்ட்டு போடுவீங்களோ, உங்க இஷ்டம். மூடி மட்டும் ஒரிஜினலாப் போடுங்க. அந்தக் கடுதாசிய மடிச்சு, மேஜை ஆடுதே, அதுக்கு அடியில குடுத்துடுங்க. டீயக் குடிங்க, ஆறிடும்.

பதினேழ இப்படிக் குடுங்க. இல்ல, நீங்க கூட வராதீங்க, இங்கயே இருங்க. அவ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லல. மேல போய் அதச் சொல்லிட்டு வந்துடறேன்.